நாகையிலிருந்து மனோரா வரை: ஈசிஆரின் யாரும் போகாத பாதி

ஈசிஆர் என்றாலே சென்னை டு பாண்டி என்று ஆகிவிட்டது. நாகைக்குத் தெற்கே அதே சாலையில் டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு போய்வந்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வழியெல்லாம் கடல் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். தென்னந்தோப்பு, வயல், இறால் பண்ணை என்றுதான் போகும். இந்தச் சாலையின் ருசி இறங்கி நிற்கும் இடங்களில்தான்.

வேதாரண்யம் தாண்டினால் உப்பளம். அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்தது இந்த உப்புக்குத்தான். அங்கே ஐந்து நிமிடம் போதும், மிச்ச நேரத்தைக் கோடியக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரை 1967-இலிருந்து சரணாலயம், வெளிமானுக்காகவே அறிவித்தது. காலையில் கேட் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் எல்லாம் புதருக்குள் ஒதுங்கிவிடும். ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு வெள்ளை, முறுக்குக் கொம்பு. பெண் மான் மணல் நிறம், காதை ஆட்டினால்தான் புல்லில் நிற்பதே தெரியும். ஒரு கிடா தலையைப் பின்னால் சாய்த்து, கொம்பு முதுகைத் தொடுகிற அளவுக்கு மிடுக்காக நடந்து வந்தது. எதிரே நின்ற இளங்கிடா சண்டைக்கே நிற்காமல் நைசாக விலகிப் போய்விட்டது. இதைப் பார்க்கவே இன்னொரு முறை போவேன்.

குதிரைகள் நடுரோட்டில் நிற்கும், ஹாரன் அடிக்க வேண்டாம். அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது, காட்டிலேயே பெருகியவை. மான் மேய வேண்டிய புல்லை இவையும் மேய்கின்றன என்பது வேறு கதை. பூநாரை சதுப்புப் பக்கம்தான். பைனாகுலர் இல்லாவிட்டால் தூரத்தில் வெளுப்பாக ஒரு கோடுதான் தெரியும். இருந்தால், அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து அரித்தெடுப்பது வரை பார்க்கலாம். ராமர் பாதம் மேட்டில் கையில் வாழைப்பழத்தோடு ஏறாதீர்கள், குரங்கு காத்திருக்கும்.

எங்களுக்கு வண்டி கொடுத்த டிராவல்ஸுக்கு மட்டும் அரை ஸ்டார்கூட இல்லை. பின்சீட்டுக் கண்ணாடி இறங்கவே இல்லை. விலங்கு பார்க்கப் போகிறவனுக்கு ஏசி எதற்கு, ஜன்னல் வேண்டாமா? நீங்களாவது கிளம்புவதற்கு முன்னால் நாலு கண்ணாடியையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜாம்பவானோடையிலிருந்து படகு. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே பேசி வையுங்கள். கோரையாற்று வழியே காயலுக்குப் போகிற வரை இரண்டு கரையிலும் சேற்றைக் குத்திக்கொண்டு மூச்சுவேர், பென்சிலை வரிசையாக நட்டுவைத்த மாதிரி. “இந்தச் சேத்தைப் பாக்கவா மாப்பிள்ளை இவ்வளவு தூரம்?” என்றார் மாமியார். என் மகள் சேற்றில் துள்ளுகிற மீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொறுமை இல்லாதவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

மனோரா, நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். எதிரே பாக் விரிகுடா. 2022-இல் இங்கே கடற்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. கடற்பசு உங்கள் கண்ணில் படாது, கடலடியில் புல் மேய்கிற பிராணி அது. இருந்தாலும் கரையில் நிற்கலாம், காற்று அருமை.

சாப்பாட்டுக்கு அதிராம்பட்டினத்தில் நிறுத்துங்கள், மீன் குழம்பு நன்றாக இருந்தது. கோடியக்கரைக்குத் தண்ணீரும் டிபனும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. கோடியக்கரைக்கு ஐந்து ஸ்டார், முத்துப்பேட்டைக்கு நாலு, சாலைக்கு மூன்று.