சில்லின் மேலேயே கட்டுவதா, பக்கத்தில் வைத்து இணைப்பதா?

போன வாரம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் ஆறுவதற்குள் அக்கா மகன் கேட்டுவிட்டான்: "மாமா, மாஸ்டர்ஸுக்கு நேனோ சென்சாரை சில்லு மேலயே கட்டுற புராஜெக்ட் எடுக்கட்டுமா, தனியா செஞ்சு பேக்கேஜில சேர்க்கிறதா?"

சில்லு என்றால் சிப், பேக்கேஜ் என்றால் அதை வைத்து மூடும் கூடு. அவன் சொல்லும் சென்சார், அதிர்ந்துகொண்டே இருக்கும் மிகச் சிறிய சிலிக்கான் பட்டை. வாயு மூலக்கூறு அதில் ஒட்டினால் எடை கூடும், அதிர்வெண் குறையும். கணக்கு மட்டும் போடத் தெரிந்த சில்லுக்கு மூக்கு வைப்பது மாதிரி.

மேலேயே கட்டினால் பெரிய லாபம் சிக்னலில்தான். பட்டை அசையும்போது அதன் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறன், மாறுவதுதான் சிக்னல். அந்த மாற்றம் அவ்வளவு கொஞ்சம். நடுவில் ஒரு தங்கக் கம்பியும் அதை ஒட்டும் பேடும் வந்தாலே அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு மின்தேக்கம் சேர்ந்து, சிக்னல் அதில் கரைந்துவிடும். 25 மைக்ரான் கம்பி நமக்கு முடியைவிட மெல்லியது. அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் அது தேர் வடம். புரொஜெக்டர்களில் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின், ஒளியைத் திருப்பும் கண்ணாடிச் சில்லையும் பாருங்கள். லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நினைவகச் செல். அத்தனைக்கும் யார் கம்பி இழுப்பது?

வில்லன் சூடு. உலோக இணைப்புகள் போட்டு முடித்த வேஃபர் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டத் தட்டு) 400, 450 டிகிரிக்கு மேல் தாங்காது. பட்டை செய்யும் பாலிசிலிக்கான் படியவே 600 டிகிரி பக்கம் வேண்டும். பரிமாறி முடித்த இலை மேலேயே அடுப்பைப் பற்றவைக்கிற கதை. குறைந்த சூட்டில் படியும் அலுமினியம் நைட்ரைடு கைகொடுக்கும்தான். ஆனால் பட்டை கீழே ஒட்டிக்கொண்டால் அடியிலிருக்கும் நல்ல சர்க்யூட்டும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

தனியாகச் செய்தால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டையும் சோதித்து, நல்லதை மட்டும் சேர்க்கலாம்.

கூட்டு ஆராய்ச்சி என்று வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகமும் பிரான்ஸின் லெட்டி ஆய்வகமும் சேர்ந்து 200 மில்லிமீட்டர் வேஃபரில் இந்தப் பட்டைகளைச் செய்தன. லெட்டியிடம் சொந்த வேஃபர் லைன் இருந்தது. நம் பையன் கூலிமில் இருக்கும் சில்டெர்ரா சில்லுத் தொழிற்சாலையிலோ வேறெங்கோ இடம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். பேக்கேஜ் வேலைக்கு பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972இலிருந்து பழகிய கைகள் இருக்கின்றன. அவன் அம்மாவே மைக்ராஸ்கோப்பில் குனிந்து கம்பி ஒட்டியவள்தான். "மூச்சு பட்டாலே வளைஞ்சிடும்டா" என்பாள்.

என் ஓட்டு பேக்கேஜுக்கு. ஆனால் கம்பி வேண்டாம், இரண்டு சில்லையும் முகத்தோடு முகம் ஒட்டுகிற முறையை எடு என்றேன். சிக்னல் போகும் தூரம் குறையும், சூட்டுப் பிரச்சினையும் அவ்வளவாக வராது. முதலில் பேராசிரியரிடம் இரண்டு வருஷத்தில் எத்தனை வேஃபர் ரன், அதாவது தொழிற்சாலையில் வேஃபர் செய்து வாங்க எத்தனை தடவை வாய்ப்பு, கிடைக்கும் என்று கேட்கச் சொன்னேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "ஒன்னே ஒன்னுதானாம் மாமா."