தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறவன்

ஊர் போய் இறங்கிய மறுநாள் காலை. அக்கா எல்லோருக்கும் காபி ஆற்றிக் கொடுத்தாள், மகனுக்கு மட்டும் இல்லை. அவன் இரண்டு இட்லியைப் பொடி தொட்டுச் சாப்பிட்டான். பக்கத்தில் டம்ளர்கூட வைக்கவில்லை. ஏன்டா என்று கேட்டேன். "தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும் மாமா. ஸ்கூல்ல போக முடியாது."

பத்தாம் வகுப்பு படிக்கிறான். தசைச்சிதைவு நோய். மூன்று வருடமாகச் சக்கர நாற்காலிதான். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்கு வீடு திரும்பும்வரை அவன் வாயில் ஒரு சொட்டு தண்ணீர் படாது. எங்கள் டெல்டா வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரம் அவனோடுதான் சுற்றினேன். பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். அங்கே பேருந்து வந்து நின்றதும் ஓட்டுநர் இறங்கி வந்து சாய்தளத்தை விரித்துப் போடுவார், நாற்காலி ஏறும், பேருந்து கிளம்பும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கென்று இந்தியாவில் இருப்பதுபோல ஒரு முழுமையான உரிமைச் சட்டம் கிடையாது. கட்டட விதிகளில் 1990லேயே சாய்தளமும் அகலக் கதவும் கட்டாயம் ஆகிவிட்டன, அவ்வளவுதான். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கட்டாயக் கல்விக்குள் கொண்டுவந்ததே 2019இல்தான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தையோ உட்கார்ந்து படித்தால் கண் கலங்கும், அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள். 21 வகைக் குறைபாடுகள், அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம், 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி. என் மருமகனின் நோயும் அந்த 21க்குள் பெயரோடு இருக்கிறது.

அக்காவோடு பள்ளிக்குப் போனேன். அரசு உதவி பெறும் பள்ளி. பத்தாம் வகுப்பு மாடியில். நான்கு பையன்கள் நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். திருப்பத்தில் நாற்காலி சாயும்போது அவன் கைப்பிடிச் சுவரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறான். தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம பசங்க தங்கம் சார். ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல."

உண்மைதான், தங்கமான பிள்ளைகள். அதில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்த அன்று மதியம்வரை இவன் கீழே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதை அக்கா வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். அடுத்தவர் தோள் கிடைத்தால் பாடம், கிடைக்காவிட்டால் தாழ்வாரம். இதை உதவி என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குச் சேரவேண்டியதை நாம் மறந்துவிட்டோம். சட்டத்தின் 16ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியானாலும் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டடமும் வளாகமும் எட்டும்படி இருக்க வேண்டும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றத்தைச் செய்து தர வேண்டும். லிஃப்ட் எல்லாம் நாங்கள் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பைக் கீழே இறக்குங்கள், ஆறாம் வகுப்பை மேலே ஏற்றுங்கள் என்றோம். ஒரு ரூபாய் செலவில்லை. "பார்க்கலாம் சார்" என்றார்.

நடுவில் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது, அவனுடைய உதவித்தொகை வரும் கணக்கு விஷயமாக. வாசலில் சாய்தளம் இருந்தது. பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, சக்கர நாற்காலிப் படம்கூட வரைந்திருந்தார்கள். நாற்காலியைத் தள்ளினேன், பாதியில் என் செருப்பு வழுக்கியது. காவலர் ஓடி வந்து பிடித்திருக்காவிட்டால் இரண்டு பேரும் பின்னால் விழுந்திருப்போம். அப்புறம் அளந்து பார்த்தேன். வாசல் உயரம் இரண்டரை அடி, சாய்தளத்தின் நீளம் ஆறடி. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. முப்பது அடி வேண்டிய இடத்தில் ஆறடி. படம் வரைந்தவருக்கு அதில் யார் ஏறப்போகிறார் என்ற நினைப்பே வந்திருக்காது.

இது அந்த ஒரு கிளையின் கதை இல்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றச் சொன்னது சட்டம். விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022 ஜூனில் முடிந்தது. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. சாய்தளம் போன்றவற்றுக்கான அளவுகள் எல்லாம் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றது. அந்த ஆறடிச் சாய்தளத்தில் வழுக்கியவனுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை முகாமில் சான்றிதழுக்காக ஒரு காலத்தில் அக்கா பட்ட பாடு இப்போது இல்லை, அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டது. பொதுத்தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். சென்னைக்கு ஒரு வார இறுதியில் கூட்டிப் போனேன். அங்கே படியேறாமல் நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்தில் போனோம். உயர் நீதிமன்றத்தில் பல வருடம் வழக்கு நடத்தித்தான் இந்தப் பேருந்துகள் வந்தன. 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியவை. நிறுத்தத்தில் பேருந்து ஒரு பக்கமாகத் தணிந்து கொடுத்ததும் "மாமா, யானை மாதிரி உக்காருது!" என்று கத்தினான். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே கடலை நோக்கிப் போகும் மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, திரும்பச் சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் என்னைத் தள்ள விடவில்லை அவன். பலமில்லாத கையால் சக்கரத்தை நான்கு விரற்கடை, நான்கு விரற்கடையாக நகர்த்திக்கொண்டே போனான். கடைசிப் பலகையில் நின்று வெகுநேரம் அலையைப் பார்த்தான். அன்று மட்டும் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தான். தங்கியிருந்த அறையில் கழிப்பறைக் கதவு அகலம் என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தான்.

ஊர் திரும்பியதும் அக்கா தானே மனு எழுதினாள். எட்டாவதுவரை படித்தவள். 16ஆம் பிரிவு என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்தாள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல். "உதவி கேட்டு வந்தியாம்மா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டதற்கு "இல்ல, பள்ளிக்கூடத்துல இவனுக்குச் சேரவேண்டியது இருக்கு, அதைக் கேக்க வந்தேன்" என்றாள்.

ஒன்பதாம் நாள் வகுப்பு கீழே வந்தது. கழிப்பறை இன்னும் வரவில்லை. இருபத்திரண்டு அங்குலக் கதவு, நாற்காலி உள்ளே போகாது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கொத்தனார் வந்து நிலையை அளந்துவிட்டுப் போனார். காலாண்டு விடுமுறையில் இடித்துக் கட்டித் தருவதாகப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மனுவின் ரசீதை அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று காலை எனக்கு வீடியோ கால் போடச் சொல்லியிருக்கிறேன், காபி குடிக்கும் நேரத்துக்கு.