ஓப்பன் எண்டட், இ.டி.எஃப்., குளோஸ் எண்டட்: விற்கும்போது எந்த விலை கிடைக்கும்?

இந்த மூன்று வகை மியூச்சுவல் ஃபண்டுகளிலும் ஒரே பங்குகள், என்.ஏ.வி.யும் (ஒரு யூனிட்டுக்குரிய நிகரச் சொத்து மதிப்பு) ஒன்றே, 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டை விற்கப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஓப்பன் எண்டடில் ஃபண்ட் நிறுவனமே யூனிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். என்.ஏ.வி. அப்படியே கிடைக்கும், எக்சிட் லோடு (வெளியேறும்போது பிடிக்கும் கட்டணம்) இருந்தால் அது கழியும்.

குளோஸ் எண்டடில் முதிர்வு வரை அந்த வசதி கிடையாது. அவசரமென்றால் பங்குச் சந்தையில் இன்னொருவருக்குத்தான் விற்க வேண்டும். அவர் 17 ரூபாய்தான் தருவேன் என்றால் என்.ஏ.வி.யைவிட 15% குறைவு, அதாவது 15% டிஸ்கவுன்ட். 1994 ஜனவரியில் 10 ரூபாய் யூனிட்டுக்கு மக்கள் முண்டியடித்த மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்டின் காலம் 15 ஆண்டுகள். பட்டியலான பிறகு நெடுங்காலம் அது என்.ஏ.வி.க்குக் கீழேதான் கைமாறியது. ஃபண்டுக்குள் சொத்து பத்திரமாகவே இருந்தது, ஆனால் நடுவில் வெளியேறியவருக்கு முழு மதிப்பு வரவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவில் ஹெர்ஸ்ஃபெல்ட் கரீபியன் பேசின் என்ற குளோஸ் எண்டட் ஃபண்டின் சந்தைக் குறியீடு (பட்டியலில் அதைக் குறிக்கும் சுருக்கப் பெயர்) அப்போது ‘கியூபா’ என்று இருந்தது. ஆனால் அதனிடம் கியூபப் பங்கு எதுவும் இருக்கவில்லை. வழக்கமாக டிஸ்கவுன்டில் கிடந்த அது, 2014 டிசம்பரில் கியூபாவுடன் உறவைச் சீராக்குவதாக ஒபாமா அறிவித்ததும் ஏறத்தாழ 70% பிரீமியத்துக்கு (என்.ஏ.வி.யைவிடக் கூடுதல் விலைக்கு) பாய்ந்தது. குறியீட்டைப் பார்த்து வாங்கியவர்கள் 100 ரூபாய் சொத்துக்கு 170 கொடுத்த மாதிரி!

இ.டி.எஃப்.பும் (எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஃபண்ட்) சந்தையில்தான் கைமாறுகிறது. ஆனால் விலை விலகினால் பெரிய தரகர்கள் ஃபண்ட் நிறுவனத்திடம் யூனிட்டைப் புதிதாக உருவாக்கி வாங்கியோ திருப்பிக் கொடுத்தோ இடைவெளியை அடைத்துவிடுவார்கள். அந்த வழி அடைபட்டால் இதுவும் குளோஸ் எண்டட் போலத்தான். வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பால் புது யூனிட் வராதபோது அமெரிக்க நாஸ்டாக் சந்தையின் 100 பெரிய நிறுவனங்களில் முதலிடும் நம் நாட்டு நாஸ்டாக் 100 இ.டி.எஃப்.கள் பெரிய பிரீமியத்தில் விலைபோனது அதனால்தான்.

குளோஸ் எண்டட் மேனேஜருக்குப் பணம் திடீரென்று வெளியேறாது என்ற நிம்மதி உண்டு. அது உண்மையான பலம்தான். ஆனாலும் புது வெளியீட்டில் முழு விலை கொடுத்து நுழைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதிர்வுத் தேதி உள்ள ஃபண்டை 17க்கு வாங்கி, என்.ஏ.வி. அசையாமலே இருந்தாலும், முடிவில் 20 வரும். அதுவே சுமார் 17.6% லாபம். என்.ஏ.வி. சரிந்தால் அந்த அளவுக்கு இது குறையும். அமெரிக்காவில் முதிர்வே இல்லாத ஃபண்டுகள் ஏராளம். அவற்றில் டிஸ்கவுன்ட் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கலாம்.

வாங்கும் முன் தினசரி வர்த்தக அளவையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் நாள்கணக்கில் ஒரு யூனிட்கூட கைமாறாத குளோஸ் எண்டட் திட்டங்கள் நம் சந்தையில் நிறைய உண்டு.