அரை லிட்டர் குட்டி பாட்டிலா, 3 லிட்டர் போனியா? இரண்டையும் வாங்கியவனின் கணக்கு

அந்தமானின் ஹேவ்லாக் தீவருகே ஒரு ஸ்கூபா டைவில், 26 மீட்டர் ஆழத்தில், நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் பிரஷர் கேஜின் முள் கீழே இறங்கித் திரும்பி வந்தது. 140 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்கும். இழுத்தால் 60க்குச் சரியும். விட்டால் மறுபடி 140. சிலிண்டரில் காற்று இருக்கிறது, வால்வைத்தான் முழுதாகத் திறக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. வகுப்பில் படித்ததுதான். அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: காற்று பத்தவில்லை. கையைப் பின்னால் விட்டு வால்வைத் தேடினேன், எட்டவில்லை. ஜோடியாக வந்த நண்பர் பத்து மீட்டர் தள்ளி ஒரு பாறை இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நீந்திப்போய் அவருடைய மஞ்சள் ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கு இன்னொருவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் கூடுதல் மூச்சுக்கருவியை, வாயில் வைத்து இழுத்தால், முதல் இழுப்பில் காற்றோடு மணலும் வந்தது.

ஏறி வந்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. படகிலேயே முடிவு செய்துவிட்டேன், எனக்கென்று தனியாக ஒரு மாற்றுக் காற்று வேண்டும் என்று. முதலில் ஆன்லைனில் விற்கிற, நேராக வாயில் கடித்து மூச்சிழுக்கும் அரை லிட்டர் குட்டி பாட்டிலை வாங்கினேன். ஐந்து மாதம் கழித்து 3 லிட்டர் போனி பாட்டிலுக்கு மாறினேன். போனி என்றால் தனி ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி), தனி கேஜோடு பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும் சிறிய சிலிண்டர். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. போனி பக்கம்தான்.

ஆக்டோபஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரிடமும் இருப்பதுதான். உங்கள் ஆக்டோபஸ் உங்களுக்கானது இல்லை. அதுவும் நீங்கள் கடித்திருக்கும் ரெகுலேட்டரும் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (சிலிண்டர் வால்வில் பூட்டும் அழுத்தக் குறைப்பான்), ஒரே சிலிண்டரில் தொங்குகின்றன. உங்களுக்குக் காற்று நின்றால் உங்களைக் காப்பது ஜோடியின் ஆக்டோபஸ். ஆகவே அவர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார், அவருடைய மவுத்பீஸ் மார்பில் கிளிப்பில் நிற்கிறதா, மணலில் இழுபடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்திலேயே வரும் நல்ல ஜோடி அமைந்துவிட்டால் 18 மீட்டர் வரை இது போதும் என்றே நினைக்கிறேன்.

இப்போது குட்டி பாட்டில். அரை லிட்டர் கொள்ளளவு, 200 பார். அதாவது 100 லிட்டர் காற்று. விளம்பரத்தில் ‘10 நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். தரையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இழுத்தால் கிட்டத்தட்ட வரும். தண்ணீருக்குள் 10 மீட்டருக்கு ஒரு பார் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4 பார். அங்கே அந்த 100 லிட்டர் 25 லிட்டராகச் சுருங்கிவிடும்.

கணக்கோடு விடாமல் சோதித்தும் பார்த்தேன். புதுச்சேரிக்கு வெளியே, 18 மீட்டரில், மணல் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பயிற்சியாளர் எதிரே தன் ஆக்டோபஸைக் கையில் பிடித்தபடி இருந்தார். என் ரெகுலேட்டரை எடுத்துவிட்டுக் குட்டி பாட்டிலைக் கடித்து மூச்சுகளை எண்ணினேன். பயமே இல்லாத, சீரான மூச்சு. 21வது மூச்சில் இழுவை கனத்தது. உறிஞ்சுகுழலில் கெட்டியான பானத்தை இழுப்பது மாதிரி இருந்தது. 23வதுக்குப் பிறகு வரவே இல்லை. பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்: 1 நிமிடம் 50 விநாடி. பதற்றத்தில் மூச்சு இரண்டு மடங்காகும் என்பதை ஹேவ்லாக்கில் கண்டிருந்தேன். அப்படியானால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கு அடுத்தது. இதைத் தயவுசெய்து உங்கள் மூச்சின் அளவுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். நான் நிதானமாக இருக்கும்போது மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பேன். பதற்றத்துக்கு 40 என்று வைக்கிறேன். 30 மீட்டரில் காற்று நிற்கிறது. என்ன ஆயிற்று என்று புரிந்து, மாற்று ரெகுலேட்டரைக் கடித்து, ஏறத் தொடங்க ஒரு நிமிடம்: 4 பார் பெருக்கல் 40, அதுவே 160 லிட்டர். குட்டி பாட்டில் இங்கேயே, ஏறத் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் 3 நிமிடம் 20 விநாடி, சராசரி 2.5 பார் என்று வைத்தால் 330 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப் (உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நிற்பது), அதற்குள் மூச்சு நிதானப்பட்டிருந்தால் 90 லிட்டர். மொத்தம் 580 சொச்சம். 3 லிட்டர் போனியை 200 பாருக்கு நிரப்பினால் 600 லிட்டர். மிச்சம் அதிகமில்லை, ஆனால் போதும். 18 மீட்டருக்கு இதே கணக்கு ஏறக்குறைய 355 லிட்டர் வருகிறது. அதற்கு மேல் இறங்காதவர்களுக்கு 2 லிட்டர் போனியே தாராளம்.

‘30 மீட்டரிலிருந்து மேலே வர நாலு மூச்சு கிடைத்தால்கூட நல்லதுதானே’ என்று ஒரு நண்பர் கேட்டார். இந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஒன்றுமே இல்லாததற்கு நாலு மூச்சு மேல்தான். ஆனால் அந்த பாட்டில் இடுப்பில் இருந்த ஐந்து மாதமும் நான் ஜோடியை விட்டுத் தள்ளிப் போகத் துணிந்தேன். என் டைவ் பதிவேட்டைப் புரட்டினால் தெரிகிறது. கையில் ஏதோ இருக்கிறது என்ற தைரியம், 23 மூச்சுக்குத் தகுதியில்லாத தைரியம்.

அதைவிடப் பெரிய கவலை, குட்டி பாட்டிலை டைவர்கள் அல்லாதவர்களுக்கு விற்பது. விளம்பரப் படத்தில் ஸ்நோர்கெல் (நீர்மட்டத்துக்கு மேல் நீளும் மூச்சுக்குழாய்) போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஸ்நோர்கெலிங் பழகியவருக்கு மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவது இயல்பு. மேலே இழுத்த மூச்சு என்பதால் அதில் ஆபத்தில்லை. அழுத்தக் காற்றை 10 மீட்டரில் இழுத்துவிட்டு அதே பழக்கத்தில் அடக்கிக்கொண்டு வந்தால், நுரையீரலில் உள்ள காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்கு நீச்சல்குளத்தின் ஆழமே போதும், ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நடந்திருக்கிறது. ஸ்கூபா பயிற்சியின் முதல் விதி ‘மூச்சை அடக்காதே’ என்றிருப்பது இதனால்தான். பாட்டிலோடு வந்த தாளில் அந்த வரி எனக்குக் கண்ணில் படவில்லை.

பாட்டிலை நிரப்பக் கூடவே வந்த கைப்பம்ப்பையும் சொல்லியாக வேண்டும். டைவ் கம்ப்ரெசரில் ஈரத்தையும் எண்ணெயையும் பிடிக்கும் வடிகட்டிகள் வரிசையாக இருக்கும். கைப்பம்ப்பில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. நம் கடற்கரை ஈரக்காற்று அப்படியே உள்ளே போகிறது. நூற்றுக்கணக்கான தடவை அடித்தேன், பம்ப்பின் அடி தொட முடியாதபடி சுட்டது. பாட்டில் வாயில் விரலை வைத்து மோந்தால் கிரீஸ் வாடை. அதைச் சுவாசிக்க மனம் வரவில்லை.

போனியின் குறைகளும் சின்னவை இல்லை. முதலாவது பராமரிப்பு. சிலிண்டருக்கு ஆண்டுதோறும் உட்புறப் பார்வைச் சோதனை, குறித்த கால இடைவெளியில் ஹைட்ரோ டெஸ்ட் என்கிற நீரழுத்தச் சோதனை, கூடுதலாக ஒரு ரெகுலேட்டருக்கு சர்வீஸ். அந்த ரெகுலேட்டரின் விலை சிலிண்டரைவிட எனக்கு அதிகமானது. ஆனால் இந்தச் சுமைதான் அதன் பலமும்கூட: கழுத்தில் சோதனை முத்திரை தெளிவாக இருப்பதால் எந்த டைவ் மையமும் மறுக்காமல் நிரப்பித் தருகிறது. குட்டி பாட்டிலை எடுத்துப்போன இரண்டு இடங்களில் முத்திரையைத் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது சரி. அனுமதி முத்திரை இல்லாத சிலிண்டரை நிரப்பக் கூடாது.

இரண்டாவது, விமானம். காற்றை முழுக்க இறக்கி வால்வைக் கழற்றினால்தான் பெட்டியில் வைக்க விடுவார்கள், அதற்கும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். வால்வைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பார்த்து, தெரிந்தவர் கையால் திரும்பப் பூட்ட வேண்டும். அதனால் அந்தமானுக்கு நான் என் ரெகுலேட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, சிலிண்டரை அங்கேயே வாடகைக்குக் கேட்டுவிடுகிறேன்.

மூன்றாவது கொஞ்சம் பயமானது. தவறுதலாகப் போனி ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே குதித்துவிட்டால், பின்னால் முழு சிலிண்டர் இருக்கும்போதே மாற்றுக் காற்று தீர்ந்துபோகும். என் போனி ரெகுலேட்டரில் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் மவுத்பீஸ் போட்டிருக்கிறேன், நாக்குக்கே வித்தியாசம் தெரியும். சிலிண்டரை முதுகில் கட்டாமல் இடது கைக்கடியில் கிளிப்பில் தொங்கவிடுகிறேன். கேஜ் கண்ணுக்குத் தெரிகிறது, வால்வு கைக்கு எட்டுகிறது, தேவைப்பட்டால் முழுசாகக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். இடது பக்கம் இழுப்பதைச் சரிசெய்ய இடுப்பில் எடைக்குக் கட்டும் ஈயத்தை வலது பக்கம் நகர்த்தினேன். பழக ஏழெட்டு டைவ் ஆனது.

இவ்வளவும் வெதுவெதுப்பான நீரில், 30 மீட்டருக்குள், எழுபது சொச்சம் டைவ் செய்தவனின் அனுபவம். ரெகுலேட்டர் உறைந்துபோகும் குளிர்நீரில் நான் இறங்கியதே இல்லை, ஏறும்போது கட்டாயமாக இடையில் நின்று வர வேண்டிய டிகம்ப்ரெஷன் டைவும் செய்ததில்லை. அந்த இடங்களுக்கு என் 3 லிட்டரை அளவாக எடுக்காதீர்கள்.

குட்டி பாட்டிலை வாங்கிய விலையில் பாதிக்குக் கேட்டு ஒருவர் வந்தார். குடும்பத்தோடு லட்சத்தீவு போகிறாராம், மகனுக்கு ஸ்நோர்கெலிங்குக்கு வேண்டுமாம். கொடுக்கவில்லை. மகனுக்கு எத்தனை வயது என்று கேட்டேன், பதினொன்று என்றார். அங்கே போனதும் முறையான அறிமுக டைவ் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி, என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். பாட்டில் வால்வு கழற்றப்பட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது.