ஐந்து கதவு ஜிம்னியை வட்டைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்

இலங்கையில் 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததும் எங்கள் சொந்தத்துக்குள் வந்த முதல் புது வாகனம் மச்சான் எடுத்த ஐந்து கதவு சுசுக்கி ஜிம்னி ஜீப். போன தை மாதம் அவர் கொழும்புக்குப் பஸ்ஸில் போனபோது, "மூன்று நாளைக்கு வைத்து ஓடிப் பாருங்கோ" என்று திறப்பைத் தந்துவிட்டுப் போனார்.

என்னிடம் இருப்பது பழைய மூன்று கதவு ஜிம்னி, 1.3 எஞ்சின். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலம் ஏறி, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருக்கும் எங்கள் வயல் வட்டைக்குப் பதினொரு வருடமாக அதில்தான் போய் வருகிறேன். மாரியில் மோட்டார் சைக்கிள் புதையும் சுரிக்குள்ளும் அது என்னை விட்டதில்லை. அதனால்தான் ஜிம்னியை நீட்டிக் குடும்ப வாகனம் ஆக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் நாள் மாமியை ஏற்றினேன். அவவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் நோ. என் வண்டியில் அவ முன் சீட்டில்தான் இருப்பா. மனைவியும் மகளும் அந்த சீட்டை மடக்கிப் பின்னால் ஏற வேண்டும். ஆகவே வழியில் யார் இறங்க வேண்டும் என்றாலும் முதலில் மாமி இறங்க வேண்டும். மகளை ரியூசனில் விட, மாமி இறங்கி ஏறுவா. மனைவி மருந்துக் கடைக்குப் போக, மாமி திரும்பவும் இறங்கி ஏறுவா. ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவா. அதைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கில் இருப்பது எனக்குக் கஷ்டமாகவே இருக்கும்.

மச்சானின் வண்டியில் பின் கதவைத் தானே திறந்து ஏறி, தானே சாத்தினா. தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் மற்றவர்களுக்கு முதல் இறங்கி நின்றதும் அவதான். இதற்காகத்தான் இந்த வண்டியை நீட்டினார்கள் என்றால் நீட்டியது சரி என்று அந்த இடத்திலேயே நினைத்தேன். ஜப்பானில் இதை நோமாட் என்ற பெயரில் 2025 ஜனவரி கடைசியில் அறிவித்தபோது நான்கைந்து நாளில் ஏறத்தாழ 50,000 பேர் பதிந்து, பதிவையே நிறுத்த வேண்டி வந்தது. அங்கும் முழங்கால் நோவுள்ள மாமிமார் இருப்பார்கள்தானே.

ஆனால் கூடிய நீளம் 340 மி.மீ., அவ்வளவும் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில்தான். 2250 மி.மீ. இருந்த இடைவெளி 2590 ஆகியிருக்கிறது. அகலம் கூடவில்லை. பின்னால் இப்போதும் இரண்டு பேர்தான், மொத்தம் நான்கு. நாங்கள் ஐந்து பேர். முன்பு போலவே மகன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். இதைக் குடும்ப வாகனம் என்று வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் தலையை எண்ணுங்கள். பொருள் வைக்கும் இடம் 208 லீற்றர். என் வண்டியில் ஒரு அரிசி மூட்டைக்குப் பின் சீட்டை மடக்க வேண்டும். இதில் மடக்காமலே இரண்டு மூட்டை வைத்தேன்.

தார் றோட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1.5 எஞ்சினும் நான்கு கியர் ஓட்டோவும் வாழைச்சேனை வரை அமைதியாகப் போயின. முந்த வேண்டும் என்றால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்கு என் வண்டியை விடக் குலுக்கல் குறைவு.

மூன்றாம் நாள் வட்டைக்குக் கொண்டுபோனேன். வெட்டுக்கு இரண்டு கிழமை இருந்தது, முந்தின இரவு மழை. கிரவல் றோட்டு முடிந்து சுரி தொடங்கும் இடத்தில், நாலு சில்லும் மெதுவாக, கூடின பலத்தோடு இழுக்கிற ஃபோர் எல் போட்டேன். லீவரைப் பிடித்து இழுத்துப் போடுகிற கியர். என் வண்டியில் அது பொத்தான். 2018 மொடலில் லீவரைத் திரும்பக் கொண்டுவந்தது சுசுக்கி செய்த நல்ல காரியம். அடியில் அதே ஏணிச் சேசி, அதாவது உடலுக்குக் கீழே தனியாக இருக்கிற இரும்புச் சட்டம்; முன்னும் பின்னும் இரண்டு பக்கச் சில்லையும் சேர்க்கிற ஒரே தண்டான அக்சில். சுரிக்குள் அவசரப்படாமல், உறுமாமல் போனது. எனக்கு உண்மையிலேயே சந்தோசம்.

மறுகா மதகு மேடு வந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே குழாய் போட்டு மண் ஏற்றிய கூர்மையான மேடு. என் வண்டி முன்னால் ஏறி, பின்னால் இறங்கிவிடும். இதில் முன் சில்லு இறங்கும்போது நடு வயிறு மண்ணில் உரசிய சத்தம் கேட்டது. உடைவு ஒன்றுமில்லை, இறங்கிக் குனிந்து பார்த்தேன். இன்றைய மூன்று கதவு மொடல் நடு வயிறு தட்டாமல் 28 பாகை மேட்டைக் கடக்கும், இது 24 பாகை. கடதாசியில் நான்கு பாகை சின்ன எண்தான். வாடியடியில் கிறுகும்போதும் அதே கதை: என்னுடையது 4.9 மீற்றர் ஆரையில் கிறுகும், இதற்கு 5.7 வேண்டும். வரம்போரம் நின்ற நெல்லில் சில்லு ஏறாமல் இருக்க மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்தேன்.

இவ்வளவு நீட்டியது போதும். இதற்கு மேல் அகலமாக்கி, ஐந்தாவது ஆளுக்கு இடம் வைத்து, சேசியை எடுத்துவிட்டுக் கார் போலச் செய்தால் அது ஜிம்னி இல்லை. மிட்சுபிசி பஜேரோ ஜீப் 1999இல் அந்த வழியில்தான் போனது. தனிச் சேசியும் பின் அக்சில் தண்டும் அத்தோடு இல்லாமல் போயின. ஐந்து சீட் தேவையானவர்களுக்குச் சந்தையில் வேறு வாகனம் நிறைய இருக்கிறது. வட்டைக்குப் போகிறவனுக்கு ஜிம்னியை விட்டால் உழவு மெசின்தான்.

மச்சான் திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவித் திறப்பைக் கொடுத்தேன். வயிற்றில் உரசிய இடத்தையும் காட்டினேன், அவர் பெரிதாக எடுக்கவில்லை. என் மூன்று கதவை விற்கப் போவதில்லை. மாமியைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வெள்ளிக்கிழமைகளில் அவருடையதைக் கேட்டிருக்கிறேன், ஓம் என்றிருக்கிறார்.