800 கோடியைத் தாண்டிய குறிப்பேடு

பெயரை எழுதினால் அந்த ஆளைக் கொன்றுவிடும் குறிப்பேட்டைப் பற்றிய 'டெத் நோட்' அனிமேயின் இரசிகர் ஒருவர் உருவாக்கி உலாவியில் இலவசமாக விட்டிருக்கும் கிளிக்கர் ஆட்டம் இது. கறுப்புக் குறிப்பேட்டைத் தட்டத் தட்டப் பெயர்கள் எழுதப்படும். பெயர்கள் சேர்ந்தால் நல்ல பேனா வாங்கலாம், உதவியாள் வைக்கலாம், குறிப்பேட்டுடன் வரும் ரியுக் என்ற ஷினிகாமிக்கு (மரண தேவதைக்கு) அப்பிள் கொடுக்கலாம். போன வருடம் பெறாமகன் காட்டித் தந்தான். அவனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. நான் இன்னும் விடவில்லை.

தொடக்கம் சப்பென்றுதான் இருக்கும். 2013இல் வந்த குக்கி கிளிக்கரில் ஒரு பொருளை வாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் விலை 15 சதவீதம் ஏறும். இங்கும் அதே கணக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பெயர்.

ஆட்டத்தைக் காப்பாற்றுவது சந்தேகமானி. அவசரப்பட்டு எழுதினால் அது ஏறும்; நிரம்பினால் துப்பறிவாளர் 'எல்' வந்து குறிப்பேட்டைப் பறித்துவிடுவார். ஆகவே தட்டிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் எதிர்பார்க்காத ஒன்று இதில் தேவைப்படுகிறது: கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. சிவந்த மானி தணிய 40 விநாடி ஆகும். கதையில் காரணம் எழுதப்படாத பெயருக்கு மாரடைப்பு வர எடுக்கும் நேரமும் அதுதான். செய்தவர் கதையைக் கரைத்துக் குடித்தவர்!

ஆளைப் பார்த்தாலே பெயர் தெரியும் ஷினிகாமிக் கண்ணிலும் அதே கவனம். கதையில் அதற்கு விலை மிச்ச ஆயுளில் பாதி; இங்கே சேர்த்த பெயர்களில் பாதி. கொழும்பு இரவுப் பஸ்ஸில் வவுனியா வரை யோசித்தேன். கதாநாயகன் லைட் கடைசிவரை வாங்காததை நான் வாங்கிவிட்டேன், இலாபம்தான். ஒருமுறை திறந்துவிட்டால் இணையம் தேவையில்லை என்பதால் வழியில் சிக்னல் விட்டுவிட்டுப் போனாலும் ஆட்டம் நிற்கவில்லை.

எல் வீழ்ந்த பிறகு மானியும் மறைந்துவிடும். 37 பாகங்கள் கொண்ட தொடரில் அவர் 25ஆவது பாகத்தில் இறப்பார்; அதற்குப் பின் தொடரே எனக்குச் சற்றுத் தொய்வுதான், ஆட்டமோ முழுத் தொய்வு. எழுதிய பெயர்கள் 800 கோடியைத் தாண்டுகின்றன. உலகத்தில் இருக்கும் ஆட்களே கிட்டத்தட்ட அவ்வளவுதானே?

முன்னேற்றம் உலாவியில் மட்டுமே சேமிக்கப்படுகிறது. தரவை அழித்தால் எல்லாம் போய்விடும், சேமிப்பு எழுத்துகளை நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். வேறு பக்கத்துக்குத் தாவினால் உதவியாட்களின் வேகமும் குறைந்துவிடுகிறது. பின்னணி இசையை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். எல் சாகும் கட்டம் நெருங்கியதும் நான் 'மறுபிறப்பு' பொத்தானை அழுத்தி, கொஞ்சம் கூடுதல் வேகத்துடன் மறுபடியும் அவரிடம் மாட்டிக்கொள்ளப் போய்விடுகிறேன்.