லூமியோ: இயக்கங்கள் முடிவெடுக்க உதவும் மென்பொருள், ஒரு மதிப்பீடு

தலைவர் கிடையாது, கூடிப் பேசி முடிவெடுப்போம் என்பது 2011-இல் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பொது இடங்களில் முகாமிட்ட ஆக்குப்பை (Occupy) போராட்டக்காரர்கள் பிடித்துக்கொண்ட கொள்கை. நடைமுறையில் பொதுக்கூட்டம் நீண்டுகொண்டே போகும். மறுநாள் வேலை இருப்பவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் பாதியில் எழுந்துவிட, கடைசிவரை உட்கார முடிந்தவர்கள் சொன்னதே முடிவு. சமத்துவம் பேசும் இயக்கத்துக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை. நியூசிலாந்தின் வெலிங்டனில் அந்தப் போராட்டத்திலிருந்து வந்தவர்கள் 2012-இல் கூட்டுறவு நிறுவனமாகத் தொடங்கியதுதான் லூமியோ. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள், சொந்த சர்வரிலும் நிறுவலாம். ஸ்பெயினின் பொடெமோஸ் என்ற இடதுசாரிக் கட்சியின் உள்ளூர்க் குழுக்களான ‘வட்டங்கள்’ 2014-இல் இதைப் பயன்படுத்தின.

விவாதத்தின் நடுவே ஒருவர் முன்மொழிவு வைத்து, முடியும் நேரத்தைக் குறிப்பார். ஏற்கிறேன், ஒதுங்குகிறேன், மறுக்கிறேன், தடுக்கிறேன் என்பன போன்ற தெரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து காரணம் எழுதலாம். நேரம் முடியும்வரை வாக்கை மாற்றலாம் என்பதே இதன் சிறப்பு: அடுத்தவர் எழுதிய காரணத்தைப் படித்து மனம் மாற இடம் இருக்கிறது.

சிக்கல் வருவது ‘தடுக்கிறேன்’ என்பதில்தான். மென்பொருள் எதையும் தடுப்பதில்லை, வட்ட வரைபடத்தில் ஒரு துண்டு நிறம் மாறும், அவ்வளவே. அதற்கு என்ன பொருள் என்று இயக்கம் முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் ஒருவரால் எல்லா வேலையும் உறைந்துபோகும். அல்லது அவரது தடையைப் புறக்கணிப்பார்கள், அவர் விலகிப்போவார். அடிப்படைக் கொள்கை மீறப்பட்டால் மட்டும் தடை, தடுப்பவர் 3 நாளில் மாற்று வரைவு தர வேண்டும், பிறகும் இழுபறி என்றால் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு போதும் என்று விதி செய்வது நல்லது.

முன்மொழிவை அவசரப்பட்டு வைப்பது இன்னொரு தவறு. முதலில் 2 நாள் கருத்தறிதல், பிறகு 5 முதல் 7 நாள் வாக்கெடுப்பு. ஒரு முன்மொழிவில் ஒரே முடிவுதான் இருக்க வேண்டும். இரண்டைச் சேர்த்தால் எதை மறுத்தார்கள் என்றே தெரியாது. 40 பேரில் 9 பேர் வாக்களித்தால் மீதிப் பேரின் மௌனத்தைச் சம்மதமாக எடுக்காதீர்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையை முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

வாக்கெடுப்பு முடிந்ததும் ‘முடிவு’ என்ற பகுதியை நிரப்ப வேண்டும். பலர் இதைக் காலியாக விடுகிறார்கள். யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்தில் என்று அங்கே எழுதாத தீர்மானம் கிடப்பில் கிடக்கும். மறுபரிசீலனைத் தேதியும் குறிக்கலாம்.

ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அனுமதி ரத்தானால் இது உதவாது. அந்த மாதிரி நேரத்துக்கு, முன்கூட்டியே அதிகாரம் பெற்ற சிறு குழு வேண்டும். பெயர் தெரியாமல் வாக்களிக்கும் வசதி உண்டு, ஆனால் வாக்கெடுப்பை உருவாக்கும்போதே அதைத் தேர்ந்துவிடுங்கள்.